42.34 மீட்டரில் ஒரு மாணவியின் குரல்

சென்ற ஆண்டு நம் பள்ளி விழாவில் நடந்ததைத் தோழியர் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வரவேற்புரை நடந்துகொண்டிருந்தபோது, வாடகைக்கு வந்த பழைய கம்பியில்லா மைக்கில் திடீரென்று யாரோ ஒருவர் கன்னடத்தில் கல்யாணப் பந்திக்கு ஆள் கூப்பிட்டார். ஜவளகிரிக்குக் கர்நாடக எல்லை பக்கம்தானே என்று எல்லோரும் சிரித்தோம். அருகில் ஏதோ கல்யாண மைக்கும் நம் மைக்கும் ஒரே அலைவரிசையில் இயங்கியதால் வந்த வினை என்று மைக்செட் அண்ணன் விளக்கினார். எந்த அலைவரிசையை யார் பயன்படுத்தலாம் என்பதற்குச் சட்டமும் உரிமமும் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தச் சட்டத்தைத் தெரிந்தே மீறிச் சிறை சென்ற ஒரு மாணவியின் வரலாறே இக்கட்டுரை. அவர் உஷா மேத்தா அம்மையார்.

குஜராத்தில் சூரத் அருகே சரஸ் என்னும் சிற்றூரில் 1920 மார்ச் 25ஆம் நாள் உஷா பிறந்தார். தந்தையார் ஆங்கில அரசின்கீழ் நீதிபதி. ஆகவே மகள் விடுதலைப் போராட்டத்தில் சேருவதை அவர் விரும்பவில்லை. மகளோ எட்டு வயதிலேயே, 1928இல், சைமன் குழுவை எதிர்த்த ஊர்வலத்தில் நடந்தவர். ஒருமுறை சிறுவர் ஊர்வலத்தில் போலீசார் தாக்கியபோது கொடி பிடித்திருந்த சிறுமி கொடியோடு கீழே விழுந்தாள். குழந்தைகள் பெரியவர்களிடம் முறையிட்டனர். மறுமுறை அவர்கள் கொடியின் மூன்று வண்ணங்களிலும் உடை தைத்து அணிந்து, தாங்களே கொடியாக நடந்தார்கள். தந்தையார் 1930இல் ஓய்வு பெற்றார். இரண்டாண்டுகளில் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. வில்சன் கல்லூரியில் தத்துவம் பயின்று 1939இல் பட்டம் பெற்ற உஷா, அதன்பின் சட்டம் படிக்கலானார்.

அக்காலத்து வானொலிச் சட்டத்தை இங்கே சற்று அறிந்துகொள்ள வேண்டும். 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இன்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதே குற்றம். ஒலிபரப்பும் கருவி மட்டுமல்ல, வீட்டில் பாட்டுக் கேட்கும் பெட்டிக்கும் உரிமம் வேண்டும். தபாலாபீசில் பணம் கட்டி ரேடியோ லைசென்சு புத்தகத்தில் முத்திரை வாங்கியதை நம் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். அந்த வழக்கம் 1980களில்தான் ஒழிந்தது. பொழுதுபோக்காகத் தாமே ஒலிபரப்பிப் பழகும் அமெச்சூர் வானொலியாளருக்குத் தனி உரிமம் உண்டு. 1939இல் உலகப் போர் மூண்டதும் அந்த உரிமங்களை அரசு நிறுத்தி, கருவிகளைப் போலீசில் ஒப்படைக்க ஆணையிட்டது.

1942 ஆகஸ்ட் 8ஆம் நாள் பம்பாய் கோவாலியா குளத்து மைதானத்தில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. விடிவதற்குள் தலைவர்கள் அனைவரும் சிறையில். பத்திரிகைகளுக்கோ வாய்ப்பூட்டு. அப்போது உஷாவுக்கு வயது 22. படிப்பை நிறுத்திவிட்டு, பாபுபாய் காக்கர், விட்டல்தாஸ் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி முதலிய தோழர்களுடன் இரகசிய வானொலி ஒன்றைத் தொடங்கினார். ராம் மனோகர் லோகியா வழிகாட்டினார். பொதுக்கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துவந்த சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானிக் மோட்வானே உதவி செய்தார். கருவியைக் கட்டித் தந்தவர் நரிமன் பிரிண்டர் என்னும் அமெச்சூர் வானொலியாளர்.

சில வாரங்களுக்குள் காங்கிரஸ் வானொலி 42.34 மீட்டர் அலைநீளத்தில் பேசத் தொடங்கியது. ஒளி ஒரு விநாடியில் செல்லும் 30 கோடி மீட்டரை 42.34ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 70 லட்சத்து 80 ஆயிரம் வரும், அதாவது 7.08 மெகாஹெர்ட்ஸ். அமெச்சூர்களுக்கென ஒதுக்கிய 40 மீட்டர் பட்டை தொடங்குவது 7 மெகாஹெர்ட்ஸில்தான்! பூட்டிய வீட்டின் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தது போலத்தான். வேறெங்கும் கிடைக்காத செய்திகள் அதில் வந்தன. சிட்டகாங்கில் விழுந்த குண்டுகளையும், ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தத்தையும், சிமூர், ஆஷ்டி ஊர்களின் துயரத்தையும் நாடு அந்த வானொலியால் அறிந்தது.

ஆனால் ஒலிபரப்புபவர் தாம் இருக்குமிடத்தையும் சேர்த்தே அறிவிக்கிறார். வளைய ஏரியலைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு திசையில் ஒலி மங்கும். அதைக்கொண்டு படத்தில் ஒரு கோடு போடலாம். வேறோரிடத்திலிருந்து இன்னொரு கோடு போட்டால், இரண்டும் வெட்டுமிடத்தில் கருவி இருக்கும். கழுத்துப்பட்டை அணிவித்த காட்டு யானையை வனத்துறையினர் ஏரியலைத் திருப்பித் திருப்பித் தேடுவதும் ஏறக்குறைய இம்முறையே. போலீஸ் வண்டிகள் இப்படிப் பம்பாயைச் சல்லடையாகச் சலிக்க, உஷாவும் தோழர்களும் அடிக்கடி வீடு மாறினார்கள். இறுதியில் காட்டிக் கொடுத்தது ஏரியல் அல்ல, மனிதர். கைதான பிரிண்டர் இடத்தைச் சொல்லிவிட்டார்.

நவம்பர் 12. ஆபத்து நெருங்கியது உஷாவுக்குத் தெரியும். ஆயினும் அன்றைய ஒலிபரப்பை நிறுத்த மனம் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்து வந்தே மாதரம் இசைத்தட்டு சுழலும்போது கதவுகளை உடைத்துக்கொண்டு போலீசார் நுழைந்தனர். இசைத்தட்டை நிறுத்தச் சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை.

ஆறு மாத விசாரணை, தனிமைச் சிறை. காட்டிக் கொடுத்தால் வெளிநாட்டில் படிக்க வைப்பதாக ஆசை வார்த்தையும் காட்டினார்கள். நீதிமன்றத்தில், கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டுமா என்று கேட்டார். கட்டாயமில்லை என்றதும், தம்மைக் காத்துக்கொள்ளவும் வாய் திறவாமல் நின்றார். நீதிபதியின் மகள், சட்டம் பயின்றவர், பேசத் தெரியாமலா நின்றார்? பேசினால் பிறர் பெயர் வெளிவரும். அவருக்கு நான்காண்டுச் சிறை கிடைத்தது. மோட்வானேயும் விட்டல்தாஸ் ஜவேரியும் விடுதலையாயினர். எரவாடா சிறையில் உடல் நலிந்த உஷா 1946இல்தான் வெளியே வந்தார்.

பின்னர் காந்தியடிகளின் சிந்தனையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, பம்பாயில் பேராசிரியையாக விளங்கி 1980இல் ஓய்வு பெற்றார். 1998இல் பத்மவிபூஷண் வந்தது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், காய்ச்சலோடு அதே கோவாலியா மைதானத்து விழாவுக்குச் சென்று திரும்பினார். 11ஆம் நாள் காலமானார்.

அவரைச் சிறையில் அடைத்த காலத்து 1933ஆம் ஆண்டுச் சட்டம் அவரைவிட நீண்டநாள் வாழ்ந்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம்தான் அதன் இடத்திற்கு வந்தது. அமெச்சூர் உரிமம் இன்றும் உண்டு. 12 வயது நிறைந்தவர் யாரும் தேர்வு எழுதலாம், நம் ஏழாம் வகுப்புத் தங்கையர் கவனிக்க. விழா மைக் போன்ற சிறு கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமமே தேவையில்லை. இவ்வாண்டு விழாவுக்கு அத்தகைய மைக்கைக் கொண்டுவருவதாக மைக்செட் அண்ணன் சொல்லியிருக்கிறார்.