1,100 கோடி ரூபாய் காருக்குப் பெயர் கொடுத்தவர்... சொந்தமாகக் கார் வாங்காதவர்! யார் இந்த ஊலன்ஹவுட்?

2022 மே 5. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள மெர்சிடிஸ் மியூசியத்தில் சத்தமில்லாமல் ஓர் ஏலம் நடந்தது. ஏலத்துக்கு வந்தது ஒரே ஒரு கார். போன விலை 13.5 கோடி யூரோ, அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,100 கோடி ரூபாய். அந்த 1955-ம் ஆண்டு காரின் பெயர், 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹவுட் கூபே.

அந்தப் பெயருக்கு உரியவர் ருடால்ஃப் ஊலன்ஹவுட். அவர் வாழ்நாள் முழுக்க சொந்தமாக ஒரு கார்கூட வாங்கியதில்லை என்று சொல்வார்கள். ஆபீஸ் போக வர கம்பெனி கார்தான். மேலே சொன்ன 300 எஸ்எல்ஆர் கூபே ரகம்தான் அந்தக் கம்பெனி கார்!

1906-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஜெர்மானியர், அம்மா ஆங்கிலேயர். மியூனிக்கில் இன்ஜினீயரிங் முடித்து, 1931-ல் டைம்லர்-பென்ஸில் சேர்ந்தார். ஆரம்பத்தில் கிடைத்தது கார்புரேட்டர் வேலை. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்று பார்த்துப் பார்த்து சரிசெய்கிற வேலை.

1936-ல் மெர்சிடிஸின் பந்தயக் கார்கள் வரிசையாகத் தோற்றன. பந்தயப் பிரிவின் தொழில்நுட்பப் பொறுப்பை 30 வயது ஊலன்ஹவுட்டிடம் கொடுத்தார்கள். ரேஸ் காரை ஓட்டிய அனுபவமே இல்லாதவர், நூர்பர்க்ரிங் டிராக்கில் தானே ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். டிரைவர் சொல்லி இன்ஜினீயர் எழுதிக்கொள்ளும் காலம் அது. ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்பிரிங்குகள் தேவைக்கு மேல் விறைப்பு, சேஸியோ வளைந்துகொடுக்கிறது. இரண்டையும் தலைகீழாக மாற்றினார். அப்படி வந்த டபிள்யூ125 காரில், 1937-ல் ருடால்ஃப் கராச்சியோலா ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அந்தப் பந்தயங்களின் வெற்றியை நாஜி அரசு தன் விளம்பரமாக்கிக்கொண்டது என்பதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்தது போர். ஜெர்மன் போர் விமான இன்ஜின்களில் பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை இருந்தது. விமானம் தலைகுப்புறப் பாய்ந்தாலும் இன்ஜின் திக்காது. போர் முடிந்த பிறகு அதே நுட்பம் கார்களுக்கு இறங்கிவந்தது. இதில் பெரிய பங்கு ஹான்ஸ் ஷெரன்பெர்க் என்ற இன்னொரு இன்ஜினீயருக்கு உண்டு. அவர் பெயரில் கார் இல்லாததால் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

1952-ல் ஊலன்ஹவுட் குழு உருவாக்கிய 300 எஸ்எல், கார்புரேட்டருடனேயே லெ மான் பந்தயத்தை வென்றது. 1954-ல் நியூயார்க் கண்காட்சிக்கு வந்த, கதவுகள் மேல்நோக்கி விரியும் சாலை மாடலில் பாஷ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன். 3 லிட்டர் இன்ஜினில் 215 குதிரைத்திறன்!

அதை எப்படி டியூன் செய்வது?

இன்றைய கார் என்றால் லேப்டாப்பைச் செருகிப் பார்க்கலாம். 300 எஸ்எல்-லில் கம்ப்யூட்டர் கிடையாது. காற்று உள்ளே போகும் வழியில் உருவாகும் வெற்றிடம், ஒரு குழாய் வழியாக பம்பின் பின்னால் உள்ள டயாஃப்ரத்தை இழுக்கும். அது ஒரு ராடை நகர்த்தும். ராடு நகர்ந்த அளவுக்கு ஆறு பிளஞ்சர்களும் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். மலை ஏறினால் காற்று மெலியும் இல்லையா, அதைக் கவனிக்கத் தனியாக ஒரு கேப்சூல்.

கரும்புகை வந்தால் உடனே ஸ்க்ரூவில் கை போகும். போகக்கூடாது. முதலில் வால்வ் கிளியரன்ஸ், பிளக், இக்னிஷன் டைமிங், கம்ப்ரஷன். அப்புறம் அந்த வெற்றிடக் குழாய். டயாஃப்ரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும் வெற்றிடம் விட்டுப்போகும், ஸ்பிரிங் ராடை ஃபுல்லுக்குத் தள்ளிவிடும், பெட்ரோல் கொட்டும். இதைப் பார்க்காமல் ஸ்க்ரூவைத் திருகினால் ஐடிலிங் நன்றாக இருப்பதுபோல் தெரியும், கோளாறு உள்ளேயே இருக்கும். அதிவேகத்தில் பெட்ரோல் போதாமல் போனால் பிஸ்டனே உருகிவிடலாம். ஐடிலிங்கைத் தொடுவது எல்லாம் முடிந்த பிறகு, இன்ஜின் நன்றாகச் சூடானதும்தான். ஆறு பிளஞ்சரும் ஒரே அளவு தருகின்றனவா என்பதை டெஸ்ட் பெஞ்சில் மட்டுமே அளக்க முடியும்.

நம்மூர் நெடுஞ்சாலைகளில் டீசல் பம்ப் சர்வீஸ், நாசில் செக்கப் என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அங்கே லாரி பம்புக்கு நடப்பதும் இதன் உறவுக்கார வேலைதான். 1951-ல் பெங்களூருவில் தொடங்கிய மைக்கோ, பாஷின் டீசல் பம்புகளை இந்தியாவிலேயே தயாரித்தது.

300 எஸ்எல்-லுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், இன்ஜின் முழுதாக நிற்கும்வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் போய்க் கலக்கும். வாரக்கடைசியில் மட்டும் வண்டி எடுப்பவர்கள் ஆயிலை அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும்.

1955 ஜூன் 11, லெ மான். பியர் லெவெக் ஓட்டிய 300 எஸ்எல்ஆர், முன்னால் சென்ற கார் மீது மோதி எகிறி, சிதறி, கூட்டத்துக்குள் பாய்ந்தது. மெக்னீசிய உலோகக் கலவை பாடி பற்றி எரிந்தது. லெவெக்குடன் சேர்த்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றிரவு முன்னணியில் இருந்தபோதே மெர்சிடிஸ் மற்ற கார்களைத் திரும்பப் பெற்றது. அந்த சீசனோடு பந்தயத்தையே விட்டது.

மெக்சிகோவில் அந்த ஆண்டு நடக்கவிருந்த கரேரா பனமெரிக்கானா பந்தயமும் ரத்தானது. அதற்காகத் தயாரான இரண்டு மூடிய 300 எஸ்எல்ஆர்களுக்கு ஓட டிராக் இல்லை. அவற்றில் ஒன்றைத்தான் ஊலன்ஹவுட் பெரிய சைலன்சரைப் பொருத்தி ஆபீசுக்கு ஓட்டினார். 290 கிலோமீட்டர் வேகம் தொடும் கார் அது!

சாம்பியன் டிரைவர்களுக்கு இணையாக ஓட்டக்கூடியவர் என்று பெயர் எடுத்தும் அவர் ஒரு பந்தயத்தில்கூட போட்டியிட்டதில்லை. அவரை இழக்கும் ரிஸ்க்கை எடுக்க கம்பெனி தயாராக இல்லை. 1972-ல் ஓய்வு பெற்று, 1989-ல் 82 வயதில் காலமானார். 2022 ஏலப் பணம் இளைஞர்களுக்கான கல்வி உதவித்தொகை நிதிக்குப் போனது. இரட்டைக் கார்களில் மற்றொன்று இன்னும் மெர்சிடிஸிடமே இருக்கிறது.