தொலைந்த கோளைத் தேடித்தந்த துறவி



வானத்தில் ஒரு புதிய பொருளைக் கண்டுபிடிப்பது பெரிய காரியந்தான். ஆனால் கண்டதைத் தவறவிடாமல் தொடர்ந்து பார்ப்பது அதனிலும் பெரிது. இதை உலகுக்கு முதன்முதல் உணர்த்திய நிகழ்ச்சியின் நாயகர் ஒரு கத்தோலிக்க குருவானவர். அவரே ஜியுசெப்பே பியாட்சி அடிகளார். ஜியுசெப்பே என்பது நம் வழக்கில் சூசை.

இவர் 1746ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் வட இத்தாலியின் வல்தெல்லினாப் பள்ளத்தாக்கிலுள்ள பொன்தே என்னும் ஊரிற் பிறந்தார். இளவயதிலேயே தெயாத்தீன் துறவற சபையிற் சேர்ந்து குருவானார். பல நகரங்களிற் கணிதம் கற்பித்தபின், 1780களின் தொடக்கத்தில் சிசிலித் தீவின் பலேர்மோ நகருக்குப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். அங்கே ஒரு வானாய்வு நிலையம் அமைக்க அரசு விரும்பியபோது அப்பொறுப்பும் அவரிடமே வந்தது.

அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆயினும் ஒரு மாணவனைப் போலப் பாரிசுக்கும் இலண்டனுக்கும் சென்று வானியல் பயின்றார். இலண்டனிற் புகழ்பெற்ற கருவி வல்லுநரான ராம்ஸ்டென் என்பவரை விடாது நெருக்கி, ஐந்தடி விட்டமுள்ள வட்ட அளவுகருவி ஒன்றை 1789இற் செய்து முடிப்பித்தார். பலேர்மோ அரச மாளிகையின் கோபுரத்தில் அது நிறுவப்பட்டது. விண்மீன்களின் இடங்களைத் திருத்தமாக அளந்து பட்டியலிடுவதே அவர் மேற்கொண்ட பணி. ஒரு விண்மீனை ஒரே இரவிற் பார்த்து எழுதிவிடமாட்டார். பல இரவுகள் திரும்பத் திரும்ப அளந்த பின்பே அதைப் பட்டியலிற் சேர்ப்பார்.

இந்தப் பொறுமைக்குப் பலன் 1801ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் இரவு கிடைத்தது. இடப இராசிப் பகுதியில் மங்கலான ஒரு புள்ளியைக் கண்டு அதன் இடத்தைக் குறித்துக்கொண்டார். மறுநாள் பார்த்தபோது அது சற்றே விலகியிருந்தது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் மேலும் நகர்ந்தது. விண்மீன் இவ்வாறு நாளுக்கு நாள் இடம்மாறுவதில்லை. வால்வெள்ளி என்றால் சுற்றிப் புகைபோன்ற படலம் இருக்கவேண்டும்; அதுவும் காணப்படவில்லை. ஜனவரி 24இல் பேர்லினிலிருந்த போடே என்பவருக்கு எழுதியபோது வால்வெள்ளி என்றே அறிவித்தார். மிலானோவிலிருந்த நண்பர் ஒரியானிக்கு மட்டும், இது அதனினும் மேலானதாய் இருக்கலாம் என்ற தம் எண்ணத்தைக் கோடிகாட்டினார்.

பெப்ரவரி 11ஆம் நாளுடன் அவருடைய அவதானிப்பு நின்றது. இடையில் நோயும் அவரை வருத்தியது. நாற்பத்தொரு நாள்களில் அவர் பெற்றவை 24 அளவைகள் மாத்திரமே. அந்நாளைய தபாலின் வேகத்திற் கடிதங்கள் போய்ச் சேர்வதற்குள் அப்பொருள் சூரிய ஒளியின் பக்கம் போய் மறைந்துவிட்டது. முழு அளவைகளையும் உடனே வெளியிடாமல் வைத்திருந்தார் என்று அறிஞர் சிலர் அவர்மீது குறைப்பட்டனர். அந்தக் குறையில் நியாயமும் இருந்தது. மீண்டும் யாரும் அதைக் காணாவிட்டால் அவர் கண்டது வீண் என்றாகிவிடும்.

வாசகரே, இந்தச் சிக்கலைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு வண்டி போவதைக் கணநேரம் காண்கிறீர்கள். அது மாலையில் எந்த ஊரில் நிற்கும் என்று சொல்ல முடியுமா? பாதையிற் சிறு துண்டை மட்டும் பார்த்தவர் தொடக்கத்தில் இம்மியளவு பிழைத்தாலும், மாதங்கள் செல்லச் செல்ல அப்பிழை பெருகிவிடும். பியாட்சி அடிகளார் கண்டது வானில் ஏறக்குறைய மூன்று பாகை அளவான துண்டே.

ஜேர்மனியில் 24 வயதான காவுஸ் என்ற இளைஞர் புதிய கணித முறையொன்றை வகுத்து, அந்தச் சில அளவைகளிலிருந்தே முழுப் பாதையையும் கணித்தார். அவர் குறித்த இடத்துக்கு மிக அருகில், 1801 டிசம்பரில் சாக் என்பவரும், அடுத்த ஜனவரித் தொடக்கத்தில் ஒல்பேர்ஸ் என்பவரும் அதை மீண்டும் கண்டனர். கணித்தவர் காவுஸ்தான், ஆனால் அளவைகள் திருத்தமற்றிருந்தால் எக்கணிதமும் உதவியிராது.

அதற்குச் சிசிலியின் பயிர்த்தெய்வத்தின் பெயரால் சீரீஸ் என்று அடிகளார் பெயரிட்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களுள் முதலிற் காணப்பட்டது அதுவே. அரசர் பொற்பதக்கம் வழங்க முன்வந்தபோது, அப்பணத்தில் நிலையத்துக்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தரும்படி அவர் கேட்டுக்கொண்டார். 1814இல் 7,646 விண்மீன்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். 1826 ஜூலை 22ஆம் நாள் நாப்போலி நகரிற் காலமானார். ஆயிரமாவதாக எண்ணிடப்பட்ட சிறுகோள் அவர் பெயரைத் தாங்குகிறது. சீரீஸ் 2006இற் குறுங்கோள் என வகுக்கப்பட்டது. 2015இல் டோன் விண்கலம் அதைச் சுற்றிவந்து படமெடுத்தது.

இன்று பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுகோள்கள் அறியப்பட்டுள்ளன. ஆனால் பியாட்சி அடிகளார் கற்ற பாடம் மாறவில்லை. 2024 டிசம்பர் இறுதியிற் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோள் 2032இற் பூமியில் மோத நூற்றுக்கு மூன்று அளவில் வாய்ப்புண்டு என 2025 பெப்ரவரியிற் கணிக்கப்பட்டது. உலகம் சற்றுக் கலங்கியது. பல நாட்டுத் தொலைநோக்கிகள் இரவிரவாக அதைத் தொடர்ந்தன. அளவைகள் கூடக்கூடப் பாதை தெளிவாகி, சில நாள்களுக்குள் அந்த அச்சம் நீங்கியது.

முதல் இரவில் ஒரு புள்ளியைக் காண்பவர் பலர். இரண்டாம் இரவும், மூன்றாம் இரவும், குளிரிலும் நோயிலும் அதே இடத்தைத் திரும்பிப் பார்ப்பவர் சிலரே. சீரீசை உலகுக்குத் தந்தது அந்தத் திரும்பிப் பார்த்தலே. நாம் மேற்கொள்ளும் எந்தப் பணியிலும் இதை நினைவிற் கொள்வோமாக.