பனி நாட்டில் ஒரு தோட்டக்காரர்

ஆண்டில் நாலைந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் நாடு ஸ்வீடன். ஏரி உறைந்து, அதன் மேல் வண்டி ஓடும். அப்படிப்பட்ட நாட்டில் தேயிலை பயிரிட வேண்டும், முசுக்கொட்டை வளர்த்துப் பட்டு எடுக்க வேண்டும் என்று ஒருவர் கனவு கண்டார். அவர் விவரம் தெரியாதவர் அல்லர். உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் முறையாகப் பெயர் சூட்டிய மேதை கார்ல் லின்னேயஸ்தான் அவர்!

பாதிரியார் மகன்

1707-ம் ஆண்டு மே 23-ந் தேதி, தென் ஸ்வீடனில் ரோஷுல்ட் என்ற சிற்றூரில் லின்னேயஸ் பிறந்தார். தகப்பனார் நீல்ஸ் ஒரு பாதிரியார். தோட்டம் என்றால் அவருக்கு உயிர். குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்தே தம் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டவர்.

மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது பெற்றோர் ஆசை. மகனுக்கோ பூச்செடிகள் மேல்தான் கண். ஊர் வைத்தியர் ஒருவர் பரிந்து பேசி, பையனை வைத்தியம் படிக்க வைத்தார்.

25 வயதில், 1732-ல், லின்னேயஸ் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்குப் புறப்பட்டார். அங்கே சாமி இன மக்கள் துருவ மான்களை மேய்த்து வாழ்பவர்கள். குளிர்காலத்தில் அந்த மான்கள் பனியைக் குளம்பால் கிளறி, அடியில் உள்ள லைக்கனைத் தின்று உயிர் பிழைக்கும்.

வடநாட்டுக் காடுகளில் படரும் சின்னஞ்சிறு கொடி ஒன்று அவர் மனத்தைக் கவர்ந்தது. ஒரே காம்பில் இரண்டு இளஞ்சிவப்புப் பூக்கள் மணிபோல் தொங்கும். பனிக்கு அடியிலும் இலை பசுமை மாறாது. பின்னர் அவர் பெயராலேயே அதற்கு லின்னேயா என்ற பெயர் நிலைத்தது.

வாழை தந்த நம்பிக்கை

1735-ல் ஹாலந்து சென்றார். அங்கே கிளிஃபர்டு என்ற செல்வரின் தோட்டத்தில், சூடேற்றிய கண்ணாடி வீட்டுக்குள் வாழையைப் பூக்கவும் காய்க்கவும் வைத்தார். வெப்ப நாட்டுச் செடியையும் வசப்படுத்தலாம் என்ற நம்பிக்கை அவருக்குப் பிறந்தது.

1741-ல் உப்சாலா சர்வகலாசாலையில் வைத்தியப் பேராசிரியர் ஆனார். 1655-ல் தொடங்கி, 1702-ம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் பாழடைந்து கிடந்த அதன் தோட்டம் அவர் கைக்கு வந்தது. அதைத் திருத்தி, ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்தார். குரங்குகள்கூட அங்கே இருந்தன.

கண்ணாடி வீட்டின் சூட்டை அளக்க உஷ்ணமானி வேண்டுமே! அவருடைய சகா செல்சியஸ் 1742-ல் வகுத்த முறையில் நீர் கொதிப்பது 0, உறைவது 100. லின்னேயஸ் தோட்டத்துக்கு வாங்கிய உஷ்ணமானியில் அது தலைகீழாக மாறி, உறைவது 0 ஆயிற்று. இன்று உலகம் பயன்படுத்துவது அந்த முறையைத்தான்.

தேயிலை படுத்திய பாடு

அக்காலத்தில் ஸ்வீடன் சீனத் தேயிலைக்கு வெள்ளியை அள்ளிக் கொடுத்து வந்தது. நம் நாட்டிலேயே தேயிலை விளைந்தால் செல்வம் வெளியே போகாதே என்று லின்னேயஸ் எண்ணினார். செடியைத் தெற்கே நட்டு, சிறுகச் சிறுக வடக்கே நகர்த்திப் பழக்கினால் குளிரைத் தாங்கும் என்று கருதினார்.

முதலில் ஒரு மாணவர் கொண்டு வந்த செடி, பீரங்கி மரியாதையின் அதிர்ச்சியில் கப்பலிலிருந்து கடலில் விழுந்தது. பிறகு வந்த செடி பூத்தபோதுதான் அது தேயிலையே அல்ல, கமேலியா என்று தெரிந்தது. இன்னொன்றை, துறைமுகம் வந்து சேர்ந்த பிறகு எலி தின்றது! கடைசியாக 1763-ல் கேப்டன் எக்கபெர்க், கப்பலிலேயே விதை முளைக்க வைத்து, உயிரோடு செடிகளைக் கொண்டு வந்து சேர்த்தார். லின்னேயஸின் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஆனால் குளிர்காலம் யார் பேச்சையும் கேட்பதில்லை. செடிக்குள் ஓடும் நீர் உறைந்தால் அதன் உடல் சிதைந்துவிடும். குளிர்நாட்டுச் செடிகள் முன்கூட்டியே இலையை உதிர்த்தோ, மண்ணுக்குள் ஒடுங்கியோ தப்பிக்கும். தேயிலைக்கு அவ்வளவு கடும் குளிரைக் கடக்கும் வல்லமை இல்லை. ஸ்வீடன் தேயிலை நாடாகவில்லை. பட்டு நாடாகவும் இல்லை.

மரம் சொல்லும் நாள்

பலித்த வேலை வேறு. மரங்கள் துளிர்க்கும் நாளை நாட்டின் பல இடங்களில் குறித்து வைக்கச் செய்தார். பிர்ச் மரம் இலை விடும் சமயம் பார்த்து பார்லி விதைக்கலாம் என்று குடியானவர்களுக்குச் சொன்னார். பனி விலகும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதைப் பஞ்சாங்கத்தைவிட மரம் நன்றாக அறியும் என்பது அவர் கண்டது.

மாணவர்களையும் திசை எங்கும் அனுப்பினார். அவர்களில் ஒருவர் கோனிக். ஐஸ்லாந்தின் குளிரில் அவர் கண்டெடுத்த பொடிச் செடிக்கு, லின்னேயஸ் அவர் பெயரையே வைத்தார். அதே கோனிக் 1768-ல் நம் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தார். நம் வீட்டுக் கறிவேப்பிலையின் சாஸ்திரப் பெயரிலும் கோனிக்கின் பெயர் இருக்கிறது. 1771-ல் அதைச் சூட்டியவர் லின்னேயஸ்!

மஞ்சள் பூ

உப்சாலா தோட்டம் ஆற்றோரத் தாழ்நிலம். ஈரமும் பனியும் செடிகளை வாட்டின. 1758-ல் ஹம்மர்பி என்ற பண்ணையை வாங்கிய லின்னேயஸ், அங்கே சைபீரியச் செடிகளை நட்டார். அவை ஸ்வீடனைவிடக் கொடிய குளிரில் பிறந்தவை.

சைபீரியாவில் இருந்த எரிக் லாக்ஸ்மன் என்பவரிடம், இதயம் போலத் தொங்கும் சிவப்புப் பூச்செடியின் விதையைக் கேட்டார். வந்ததோ கோரிடாலிஸ் என்ற மஞ்சள் பூச்செடியின் விதை. வந்ததை விதைத்தார்.

1778 ஜனவரி 10-ந் தேதி, நடுக் குளிர்காலத்தில், லின்னேயஸ் காலமானார். அரும்பாடுபட்டு வரவழைத்த தேயிலை போய்விட்டது. கேட்காமல் வந்த மஞ்சள் பூவோ ஹம்மர்பி முழுவதும் தானே பரவிவிட்டது. பனி உருகியதும் மண்ணைப் பிளந்து வந்து, பூத்து, கோடையில் மறுபடி மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். யாரும் மூடி வைப்பதில்லை; யாரும் சூடேற்றுவதில்லை. அவர் மறைந்து இரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், வசந்தம்தோறும் அது அங்கே பூத்துக்கொண்டிருக்கிறது.