லூவ்ர் பார்க்காமலே வியன்னாவில் ஜெயித்த ரவிவர்மா!

யூரோப் ட்ரிப்னா லூவ்ர் மியூசியத்துல ஒரு செல்ஃபி... உங்க பக்கெட் லிஸ்ட்லயும் இருக்குதானே? ஆனா, ஐரோப்பிய பாணி ஓவியத்தை நம்ம வீட்டு பூஜையறை வரைக்கும் கொண்டுவந்த ராஜா ரவிவர்மா, கடைசிவரை ஐரோப்பாவைப் பார்த்ததே இல்லை.

1848-ல் கிளிமானூரில் பிறந்தவர். கல்சிற்பத்துக்குப் பேர்போன நம்ம மயிலாடியும் அப்போ அதே திருவிதாங்கூர் சமஸ்தானம்தான். 14 வயசுல திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தவருக்கு, ஆயில் பெயின்ட்டிங் கத்துக்க ஆசை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துட்டார். அவரோட சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமா உதவினார். 1868-ல் அங்கே வந்த தியோடர் ஜென்சன், தான் வரையறதை வேடிக்கை பார்க்க மட்டுமே விட்டார். மீதியெல்லாம் சொந்த முயற்சி.

1873-ல், மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண் ஓவியத்துக்கு சென்னையில் தங்கப் பதக்கம். தொடர்ந்து வியன்னா கண்காட்சியிலும் பரிசு! படம் கடல் தாண்டுச்சு, ஓவியர் தாண்டலை. கடற்பயணத்துக்கே சாதிக் கட்டுப்பாடு இருந்த காலம் அது.

1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். கோயிலுக்குள்ள விடாத மக்களோட வீட்டுச் சுவருக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் வந்தாங்க. திருவிதாங்கூர்ல கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது 1936-லதான்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. அச்சகம் நஷ்டத்துல கைமாறுச்சு. 1906-ல் ரவிவர்மா மறைந்தார்.

பாரிஸ் டிக்கெட்டுக்குக் காசு சேர்றப்போ சேரட்டும். அதுக்கு முன்னாடி, மயிலாடியிலிருந்து நாகர்கோவில் வழியா திருவனந்தபுரம் போங்க. நேப்பியர் மியூசியம் வளாகத்துல அவரோட ஒரிஜினல்கள் இருக்கு. போனை பாக்கெட்ல வெச்சுட்டு, அவர் கத்துக்கிட்ட மாதிரியே நின்னு நிதானமா பாருங்க!