வால் துடுப்புக்கும் வேலை உண்டு என்று வாதிட்ட விர்ஜில் எக்ஸ்னர்

1950களின் அமெரிக்கக் கார் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, அதன் பின்புறத்தில் மீன் துடுப்பைப்போல உயர்ந்து நிற்கும் இரண்டு தகடுகள்தான். அவை வெறும் அலங்காரம் அல்ல, கார் நிலையாக ஓடவும் உதவும் என்று வாதிட்டவர் விர்ஜில் எக்ஸ்னர்.

1909ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் பிறந்த எக்ஸ்னரை ஒரு தம்பதியர் தத்தெடுத்து வளர்த்தனர். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்ற அவர், பணமில்லாததால் படிப்பைப் பாதியில் விட்டார். விளம்பர ஓவியராக இருந்து ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்த அவர், 30 வயதுக்குள் போன்டியாக் கார்களின் வடிவமைப்புக்குத் தலைமையேற்றார். பின்னர் ஸ்டூடிபேக்கர் கார்களை வடிவமைத்தார். 1949ல் கிரைஸ்லரில் இணைந்தார்.

துடுப்பை அறிமுகப்படுத்தியவர் எக்ஸ்னர் அல்லர். பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து ஹார்லி ஏர்ல் குழுவினர் 1948 கேடிலாக் காரில் சிறு துடுப்புகளைச் சேர்த்திருந்தனர். எக்ஸ்னர் அவற்றை உயர்த்தினார், நீட்டினார். 1956ல் மாரடைப்பு வந்தும் அவர் ஓயவில்லை. 1957ஆம் ஆண்டின் கிரைஸ்லர் கார்கள் போட்டி நிறுவனங்களைத் திகைக்க வைத்தன.

அம்பின் பின்முனையில் இறகு கட்டுவது, அது திசைமாறாமல் செல்வதற்காக. எக்ஸ்னரின் வாதமும் அதுதான். வேகமாகச் செல்லும் காரின் மீது பக்கக் காற்று மோதினால், முன்பகுதி ஒருபுறமாகத் தள்ளப்படும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பின்னால் உயரமான தகடு இருந்தால் காற்றின் அழுத்தம் பின்பக்கமும் விழுவதால், அந்தத் தடுமாற்றம் குறையும். காற்றுச் சுரங்கச் சோதனைகளைக் கிரைஸ்லர் இதற்குச் சான்றாகக் காட்டியது.

கோட்பாடு சரிதான். ஆனால், அதன் பலன் நெடுஞ்சாலை வேகத்தில்தான் தெரியும். நகரச் சாலையில் துடுப்பு வெறும் அழகுதான். 1957 கிரைஸ்லர் கார்கள் வளைவுகளில் சாயாமல் திரும்பியதற்கு முக்கியக் காரணம், அவற்றின் தாழ்வான உடலமைப்பும் முன்சக்கரங்களில் பொருத்தப்பட்ட டார்ஷன் பார் சஸ்பென்ஷனும்தான். பாராட்டு துடுப்புக்குப் போனது. உழைத்தது அடியில் மறைந்திருந்த இரும்புக் கம்பி.

அவசரமாகச் சந்தைக்கு வந்த அந்தக் கார்கள் விரைவில் துருப்பிடித்தன. நிறுவனத்தின் பெயர் கெட்டது. 1962ஆம் ஆண்டின் கார்களைச் சிறிதாக்க நிர்வாகம் முடிவெடுத்தபோது எக்ஸ்னர் எதிர்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. விற்பனை சரிந்தபோது பழி மட்டும் அவர்மீது விழுந்தது. 1961 இறுதியில் பதவியை இழந்தார். 1973ல், 64வது வயதில் காலமானார்.

சாலைக் கார்களிலிருந்து துடுப்பு மறைந்துவிட்டது. ஆனால், 2011 முதல் லெ மான் பந்தயத்தில் புதிய புரோட்டோடைப் கார்களுக்கு முதுகில் செங்குத்துத் துடுப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதிவேகத்தில் கார் நிலைகுலையாமல் இருக்கவே இந்த விதி. எக்ஸ்னரின் வாதம் தவறில்லை. அதற்கேற்ற வேகம் அன்றைய தெருக்களில் இல்லை, அவ்வளவுதான்.