வெறுங்கால் அணியின் தலைவர்

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் வெறுங்காலுடன் நடப்போரை நாம் நாளும் காண்கிறோம். ஆனால் பூட்ஸ் அணிந்தவரை எதிர்த்து வெறுங்காலுடன் பந்தாடுவதென்றால்?

அவ்வாறு ஆடிய அணியின் தலைவர் தலிமெரென் ஆவோ. 1918-ஆம் ஆண்டு நாகா மலையிலுள்ள சாங்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவப் போதகர். மகன் மருத்துவனாகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டுமென்பது அவர் ஆவல். 1935-இல் டைபாய்டு காய்ச்சல் அவரைக் கொண்டு சென்றது. ஆவோ அந்த ஆவலை மறக்கவில்லை. கல்கத்தாவில் மருத்துவம் பயின்றுகொண்டே மோகன் பகான் அணியில் ஆடி, அதன் தலைவருமானார்.

1948-இல் லண்டன் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்து அணிக்கு அவரே தலைவர். தொடக்க அணிவகுப்பில் தேசியக் கொடியை ஏந்தியவரும் அவரே. ஜூலை 31 அன்று பிரான்சுடன் ஆட்டம். நம்மவருள் பலர் வெறுங்காலுடன் இறங்கினர். சிலர் பாதத்தில் துணிக்கட்டு மட்டும் சுற்றியிருந்தனர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டிகள் வீணாயின. 2-1 என்று பிரான்சு வென்றது.

இதை வீரமென்று மட்டும் புகழ்வது நமக்கு உடன்பாடில்லை. வெறுங்காலில் பந்து சொன்னபடி கேட்கும், உண்மைதான். ஆனால் எதிராளியின் பூட்ஸ் மிதித்தால் விரலெலும்பு முறியும். நகம் பெயரும் வேதனையை மாலையில் ஆடும் நாம் அறிவோம். மருத்துவ மாணவரான ஆவோ அறியாததா? 1952-இல் ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகே இந்திய ஆட்டக்காரர்களுக்குப் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

அதற்குள் ஆவோ ஆட்டத்தை விட்டிருந்தார். 1950-இல் பட்டம் பெற்று ஊர்ப்பக்கம் திரும்பியவர், கோஹிமாவில் அரசு மருத்துவரானார். பின்னர் நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராகி, 1978-இல் ஓய்வு பெற்றார். 1998-இல் தமது எண்பதாம் வயதில் மறைந்தார்.