நீர்க்குகை புகுந்த கணித ஆசிரியர்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் நாட்டுப் பழமொழி. காலை மட்டுமன்று, உடல் முழுவதையும் நிலத்தின் கீழுள்ள இருண்ட நீரிற் செலுத்தி, ஆயிரக்கணக்கான முறை உயிருடன் மீண்டு, மீளும் வழியைப் பிறர்க்கும் வகுத்துத் தந்தார் ஒருவர். அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம். அவர் அமெரிக்க நாட்டு ஷெக் எக்ஸ்லி என்பார். அவர் படைத்தலைவருமல்லர், அரசியல் தலைவருமல்லர்; உயர்நிலைப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்த ஆசிரியரே ஆவர்.

எக்ஸ்லி 1949ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் நாள் பிளாரிடா மாகாணத்து ஜாக்சன்வில் நகரிற் பிறந்தார். அம்மாகாணத்தின் அடிநிலம் சுண்ணாம்புப் பாறையாலாயது. மழைநீர் நெடுங்காலமாக அப்பாறையைக் கரைத்துக் குகைகளையும் சுரங்க வழிகளையும் குடைந்திருக்கின்றது. அவற்றுட் பல நீர் நிறைந்து, தரைமேல் ஊற்றுக்களாகப் பொங்குகின்றன. அவ்வூற்று நீர் பளிங்கு போன்று தெளிந்தது. அத்தெளிவே பலருக்கு எமனாக வாய்த்தது. உள்ளே செல்லும் வழி நன்கு தோன்றுதலின், வெளியே வரும் வழியும் அவ்வாறே தோன்றுமென நம்பிப் புகுந்த இளைஞர் பலர் மீளவில்லை.

எக்ஸ்லி 1965இல், தம் பதினாறாம் வயதில், நீர்மூழ்கக் கற்றார். விரைவிலேயே நீர்க்குகையுள் முதன்முறை புகுந்தார். 1972இல், இருபத்து மூன்று வயதிற்குள், ஆயிரம் முறை குகை நீரில் மூழ்கி மீண்டிருந்தார். அத்தொகையை எட்டியவருள் அவரே முதல்வர். பின்னர் லைவ் ஓக் என்னும் சிற்றூரிலுள்ள பள்ளியில் கணித ஆசிரியராயமர்ந்து, வகுப்பிற்குரிய நேரம் போக எஞ்சிய நேரத்தைக் குகைகட்கே அளித்தார்.

இத்தொழிலின் இயல்பை அறியாதார் பொருட்டு ஒன்று கூறுவாம். கடலில் மூழ்குவோனுக்குத் துன்பம் நேரின் மேலெழுந்து வானத்தைக் காணலாம். குகையுள் இருப்போனுக்குத் தலைக்கு மேல் பாறையே உள்ளது. அவன் வந்த வழியே திரும்ப வேண்டும். அவன் காலின் துடுப்பு ஒருமுறை தரையிற்பட்டால் வண்டல் கிளம்பும். அதன்பின் கையிலுள்ள விளக்கும் கண்ணுக்குப் புலனாகாது. நீரினுள் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நிலப்பரப்பிலுள்ளதைப்போல் நான்கு மடங்காகும். எனவே ஒவ்வொரு மூச்சிற்கும் நான்கு மடங்கு காற்றுச் செலவாகும். அச்சங்கொண்டு விரைந்து மூச்செறிவோனுக்குக் குப்பி காலியாதற்கு நெடுநேரம் வேண்டுவதில்லை.

மாண்டோரின் உடலங்களைக் குகைகளினின்று மீட்டெடுக்கும் துயரப்பணி எக்ஸ்லிக்குப் பன்முறை வாய்த்தது. அவர் கண்ணீர் விட்டு அமைந்தாரல்லர். கணித ஆசிரியர் தவறிய கணக்கை அடிமுதல் மீண்டும் போட்டுப் பார்ப்பதுபோல், ஒவ்வொரு விபத்தையும் ஆராய்ந்தார். அதன் பயனாக 1979இல் சிறு நூலொன்று வெளியிட்டார். அவர் கண்ட முதன்மைக் காரணங்கள் மூன்றே: வாயில் வரை தொடர்ந்து செல்லும் வழிக்கயிறு இல்லாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காமை, தம் தகுதிக்கு மிஞ்சிய ஆழத்திற்குச் செல்லுகை. உரிய பயிற்சியும் மூன்று விளக்குகளும் வேண்டுமென்பன இவற்றோடு பின்னர்ச் சேர்ந்தன.

காற்றைப் பற்றிய விதி ஒரு சிறு பின்னக் கணக்கு. குப்பியில் 180 அளவு காற்று இருப்பின், 60 உட்செல்லவும், 60 வெளிவரவும், எஞ்சிய 60 எதிர்பாராத இடருக்கும் தோழனுக்கு உதவுதற்குமாம். அளவுமானி 120 காட்டியவுடன், எத்துணை அழகிய மண்டபம் முன்னே தோன்றினும், திரும்பிவிடல் வேண்டும். இக்கணக்கு சிறுவரும் போடத்தக்கது. ஆயினும் இதனைப் போடாது மாண்டோர் பலர்.

இவ்விதிகளினின்று புதிதாகப் பயில்வோர் தம் கருவிகளைப் பற்றி அறியவேண்டுவது யாது? உயிர் காக்கும் பொருள் எதுவோ அஃது ஒன்றுக்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும். அல்லாதன யாவும் கரையிலேயே தங்குதல் வேண்டும். விளக்கு மூன்று, மூச்சுக்கருவி இரண்டு, வழிக்கயிறு சுற்றிய உருளை, அளவுமானி, கயிற்றை அறுக்கச் சிறு கத்தி, இவற்றோடு உடை, துடுப்பு முதலியன அமையும். எளிமை என்பது ஒற்றைப் பொருளை நம்பிச் செல்லுதலன்று, தேவையற்றதை நீக்குதலாம்.

இதற்குரிய காரணங்களை ஆராய்வோம். உடலினின்று தொங்கும் ஒவ்வொரு குழாயும், கொக்கியும், வாரும் வழிக்கயிற்றிற் சிக்கிக்கொள்ளும். தரையில் இழுபட்டு வண்டலைக் கிளப்பும். ஒவ்வொரு புதிய கருவியும் பழுதுபடுதற்குரிய இடமொன்றைக் கூட்டுகின்றது. இவ்விரண்டினும் பெரியது மனத்தின் அளவு. பயில்வோன் மனம் மிதப்பையும், மூச்சையும், கயிற்றையும், தோழனையும் ஒருங்கே நோக்குதற்கே அரிதிற் போதுகின்றது. அம்மனத்தின்மேல் இன்னும் ஐந்து கருவிகளை ஏற்றின், அளவுமானியைப் பார்க்க அது மறந்துவிடும். இருளில் கைபோன இடத்தில் வேண்டிய பொருள் அகப்படுதல் வேண்டும். பத்துப் பொருள்களிடையே ஒன்றைத் தேடுவோனுக்குத் தேடும் நேரத்திலேயே காற்றுத் தீரும்.

எக்ஸ்லி தாமும் பின்னாளில் மிகுந்த கருவிகளைச் சுமந்தவரன்றோ என வினவுவார் உளர். உண்மையே. 1989இல் மெக்சிகோ நாட்டு மாந்தே ஊற்றில் 260 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை அடைந்தபோது, ஹீலியம் கலந்த வாயுக்களையும் பல குப்பிகளையும் பயன்படுத்தினார். மேலே மீளுங்கால் உடலிற் கரைந்த வாயு மெல்ல நீங்கும் பொருட்டு நெடுநேரம் நீரிலேயே காத்திருந்தார். 1990இல் பிளாரிடாவின் கதீட்ரல் கேனியன் குகையுள் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பாற் சென்று மீண்டார். ஆயினும் இவை இருபது ஆண்டிற்கு மேற்பட்ட பயிற்சிக்குப் பின் நிகழ்ந்தவை. ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு தேவையால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஆசிரியர் கடைசியாகச் சுமந்த சுமையை மாணவன் முதல்நாளிற் சுமக்க விரும்புதல், எழுத்தறியுமுன் இலக்கணத்திற்கு உரை எழுதப் புகுதல் போலாம்.

இவ்வளவு கணக்கறிந்த அவர்க்கும் இறுதி நீரிலேயே வாய்த்தது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், மெக்சிகோவின் தமாலிபாஸ் மாநிலத்திலுள்ள சாகட்டான் என்னும் பெருங்கிணறு போன்ற நீர்க்குழியில், ஆயிரம் அடிக்கு மேற்பட்ட ஆழத்தை நாடி இறங்கினார். உடன் தனிக்கயிற்றில் இறங்கிய ஜிம் பௌடன் 925 அடிவரை சென்று மீண்டார், எக்ஸ்லி மீளவில்லை. அவர் இறங்கிய கயிற்றைப் பின்னர் மேலே இழுத்தபோது, அதனோடு அவருடலும் வந்தது. அப்பொழுது அவர்க்கு வயது நாற்பத்தைந்து. சாவின் காரணம் ஐயமற நிறுவப்படவில்லை. ஆதலின் யாமும் காரணம் கற்பித்துக் கூறோம்.

அவர் அடைந்த ஆழத்தைப் பின்வந்தோர் கடந்து சென்றனர். சாதனைகளின் இயல்பு அதுவே. ஆனால் வழிக்கயிறு, மூன்றிலொரு பங்குக் கணக்கு, மூன்று விளக்கு என்னும் பாடங்கள் இன்றும் உலகெங்கும் நீர்க்குகை பயில்வோர்க்கு முதல் வகுப்பிலேயே கற்பிக்கப்படுகின்றன. அவற்றைக் கடைப்பிடித்து மாலையில் வீடு திரும்பியவர் பெயர்களை எந்த ஏடும் குறித்து வைத்ததில்லை. எனினும் அவ்வாசிரியரின் புகழை அவர்களைக் கொண்டே அளத்தல் வேண்டுமென்பது எம் கருத்து. புதியதொரு துறையிற் புகும் நம் மாணவ நண்பர்களும், எதனை வாங்குவோம் எனக் கேட்குமுன், எதனை விட்டுச் செல்வோம் எனக் கேட்டறிவார்களாக.